கட்டைவிரல் போன இடம்

கத்தக் கூடாது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்துதான் அந்த வீட்டில் கத்துவதற்கான காரணங்கள் வரிசை கட்டி வந்தன.

போன வாரம் வரை கூடவே வந்தவர்களுக்கு இது தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெண்கலம் என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்கிற வேலை அவளுக்கு. அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலைக் கேட்டுச் சொக்கிப்போய், புறப்படும் நேரம் கடந்தும் வண்டியை எடுக்காமல் இன்ஜினை உறுமவிட்டபடி உட்கார்ந்திருந்த ஓர் ஓட்டுநர் வைத்த பெயர் அது. பயணிகள் திட்டித் தீர்த்தார்கள். அவர் அசையவில்லை. அப்புறம் கல்யாணம் செய்துகொண்டார். இன்றைக்கும் வீட்டில் அவள் வெண்கலம்தான்.

அந்தக் குரலில் இப்போது ஒரு சின்னக் கட்டி. நாளைக் காலை அதை எடுக்கப்போகிறார்கள். எடுத்தபின் குரல் பழையபடி வரலாம், கொஞ்சம் மாறியும் வரலாம் என்று சொல்லிவிட்டார் மருத்துவர். அதுவரை உரக்கப் பேசவே கூடாது.

“மைக்குல தானே பேசறீங்க? தொண்டை இவ்வளவு கெட்டுப்போக வேண்டியதில்லையே?” என்று அவர் சந்தேகமாகக் கேட்டார்.

“மைக்கால இல்ல டாக்டர். ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்காத ரெண்டு ஆம்பளைங்களோட ஒரே வீட்டுல இருக்கேன்.”

ஒருவர் கணவர். இன்னொருவன் அவளுடைய தம்பி. பேருந்துக் கழகத்துக்குச் செயலிகள் எழுதித் தரும் நிறுவனத்தில் வேலை கிடைத்ததும் அக்கா வீட்டிலேயே வந்து தங்கியவன். சேர்ந்த புதிதில் சாப்பாட்டு மேஜையில் உற்சாகமாக, “இன்னும் கொஞ்ச காலம்தான் அத்தான், அப்புறம் பஸ் ஓட்ட ஆளே வேணாம்,” என்று சொல்லிவைத்தான். ஓட்டுநர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அன்றோடு பேச்சு நின்றது. அதுவரை “மச்சான்” ஆக இருந்தவன் “எஞ்சினியர் சார்” ஆனான். அதுவும் நேரில் இல்லை. “குழாய் சொட்டுதுன்னு எஞ்சினியர் சார்கிட்ட சொல்லு,” என்று அவர் சொல்ல, பக்கத்திலேயே நிற்கிற தம்பிக்கு அவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தில் கூட அறிவிப்புக்கு அறிவிப்பு ஒரு இடைவெளி உண்டு.

சரி, இன்றைய காலைக்கு வருவோம்.

ஓட்டுநருக்கு இன்று வார ஓய்வு. நாளைக்கு மனைவியின் அறுவை சிகிச்சைக்காக எப்போதோ கேட்டு வாங்கிவைத்த விடுப்பு. மருத்துவமனைக்குக் கொண்டுபோக பிளாஸ்க் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். வாசலில் இடது கையைச் சுவரில் ஊன்றிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் கிணுகிணுத்தது. விடுப்புக்கு முந்தின நாள் எல்லா ஓட்டுநர்களிடமும் அந்தச் செயலி ஒரு கேள்வி கேட்கும்: நாளை விடுப்பு, உறுதியா? வலது கையால் போனை எடுத்தார், கட்டைவிரலால் வலது மூலையை அழுத்தினார், பையில் போட்டார். எத்தனையோ முறை செய்ததுதான். பார்க்கக்கூட வேண்டியதில்லை.

போன் மறுபடி கிணுகிணுத்தது.

இந்த முறை பார்த்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க, மயக்கமா?” என்று வெண்கலம் ஓடி வந்தாள்.

அவர் போனை நீட்டினார். ‘நன்றி! உங்கள் விடுப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. நாளைய முதல் டிரிப் உங்களுடையது. மாற்றம் தேவையெனில் டியூட்டி அதிகாரியை அணுகவும்.’ பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம் வேறு.

“நான் எப்பவும் அழுத்தற இடத்துலதான் அழுத்தினேன்,” என்றார். “சத்தியமா அங்கதான் அழுத்தினேன்.”

வெண்கலம் திரையைப் பார்த்தாள். அந்த வரிகளுக்கு மேலே கேள்வியும் பொத்தான்களும் இன்னும் போகாமல் நின்றன. நேற்றுவரை வலது பக்கம் பச்சையாக ‘உறுதி’யும் இடது பக்கம் சிவப்பாக ‘விலக்கு’வும் இருந்தன. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய பேருந்தில் இருக்கிற பொத்தான்கள் கூட அவளுக்குத் தெரியும், இது தெரியாதா? இப்போது பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. இரண்டும் கழுவின சாம்பல் நிறம். ‘உறுதி’ இடது பக்கம் போயிருந்தது. ‘விலக்கு’ வலது மூலைக்கு வந்து, பிறந்ததிலிருந்து தன் வீடு அதுதான் என்பதுபோல உட்கார்ந்திருந்தது.

ராத்திரியோடு ராத்திரியாகத் தம்பியின் அலுவலகம் செயலியின் முகத்தை மாற்றிவிட்டது. இன்றைக்குப் புது வடிவம் வருகிறது, கேக் வெட்டப்போகிறோம் என்று அவன் விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிப் போனது அவளுக்கு நினைவு வந்தது. சந்தோஷமாகப் போனான், பாவி.

அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கிளம்பித் தொண்டை வரை வந்தது. அங்கே அதைப் பிடித்து நிறுத்தினாள். மேஜையிலிருந்த டம்ளரை எடுத்து ‘ணங்’கென்று வைத்தாள். கத்தலுக்குப் பதில் இந்த வாரமெல்லாம் டம்ளர்தான். இரண்டு ஏற்கெனவே நசுங்கியிருந்தன.

போனில் தம்பியைப் பிடித்தாள். பின்னணியில் கைதட்டல் கேட்டது.

“டேய், அந்த ஆப்பை யாருடா மாத்தினது?”

“அக்கா, குரலை உயர்த்தாதே. டாக்டர் என்ன சொன்னாரு?”

“நான் உயர்த்தலடா. உயர்த்தினா நீ போன் இல்லாமலேயே கேட்டிருப்பே. உங்க அத்தான் லீவு போச்சு.”

“போச்சுன்னா? எந்த ஸ்கிரீன்ல? ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பேன்.”

“படமெல்லாம் அனுப்ப முடியாது. நீ நேரா டிப்போவுக்கு வா.”

“இப்பவா? இங்க கேக்...”

அவள் டம்ளரைத் தட்டினாள். அவனுக்கு அந்த மொழி நன்றாகப் புரியும். “வரேன்,” என்றான்.

டிப்போவில் டியூட்டி அதிகாரியின் அறைக்கு வெளியே ஒரு கூட்டமே நின்றது. எல்லோர் கையிலும் போன், எல்லோர் முகத்திலும் கடுகடுப்பு. கன்னம் ஒரு பக்கம் பந்தாக வீங்கிய ஓட்டுநர் ஒருவர் கூட்டத்துக்கு முன்னால் நின்று, பல் பிடுங்கப் போட்ட விடுப்பு பறிபோன கதையை வாயைத் திறக்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். பாதி புரியவில்லை. ஆனால் கோபம் முழுவதும் புரிந்தது.

அதிகாரியிடம் போய்க் கேட்டால் அவர் நிலைமை அதைவிட மோசம். அவருடைய கணினியிலும் முகம் மாறியிருந்தது. எழுத்துகள் எல்லாம் போய்ச் சின்னச்சின்னப் படங்கள் மட்டும் மிச்சம்.

“லீவு எங்கம்மா இருக்கு, நீங்களே பார்த்துச் சொல்லுங்க,” என்று திரையை அவள் பக்கம் திருப்பினார். “வீடு இருக்கு. மணி இருக்கு. மூணு கோடு இருக்கு. ஒரு குடை இருக்கு. குடை எதுக்கு? மழைக்கு வண்டியை நிறுத்தச் சொல்றானா?”

“ஐயா, நாளைக்கு இவருக்கு லீவு வேணும். எனக்கு ஆபரேஷன்,” என்றாள் வெண்கலம் தாழ்ந்த குரலில்.

“தெரியும்மா, எனக்குத் தெரியாதா? நான்தானே போன மாசம் கையெழுத்துப் போட்டேன். இத்தனை பேர் லீவும் ரத்தானதுல நாளைக்கு என்கிட்ட வண்டியை விட ஆள் அதிகம். பாதிப் பேர் சும்மா உட்காரப் போறாங்க. ஆனா வண்டியில யார் பேர் இருக்கோ அவர்தான் எடுக்கணும். இந்தப் பொட்டி விட்டாத்தானே நான் விட முடியும்?” என்று பொட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

அப்போதுதான் தம்பி வந்து சேர்ந்தான். சட்டையில் கேக் க்ரீம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் கூட்டத்துக்கு ஆள் யாரென்று புரிந்துபோயிற்று.

“இவன்தானா?” என்றது வீங்கிய கன்னம். இந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது.

“முதல்ல அந்தக் குடையை அழுத்துங்க சார்,” என்றான் தம்பி அவசரமாக. “அது கடற்கரைக் குடை. லீவுன்னா கடற்கரைதானே.”

“யாருக்குத் தம்பி கடற்கரை? நான் லீவு போட்டா வீட்டுல ஒட்டடை அடிப்பேன்.”

குடைக்கு உள்ளே விடுப்புகள் இருந்தன. மறுபடி விண்ணப்பிக்கும் வழியும் இருந்தது. தலைமையகம் ஒப்புக்கொள்ள வேண்டும். “சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கிட்டா உங்க போனுக்கு வரும்,” என்றார் அதிகாரி. “மறுபடியும் அதே கேள்வியைக் கேக்கும். ஒரு தடவைதான் கேக்கும். இந்தத் தடவையும் தப்பா அழுத்திட்டு என்கிட்ட வந்து நிக்காதீங்க.”

வெளியே வந்ததும் ஓட்டுநர் வேப்பங்காயைக் கடித்த முகத்தோடு, வழக்கம்போல மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

“எஞ்சினியர் சார்கிட்ட கேளு. இதெல்லாம் எழுதறப்போ, இதை அழுத்தப்போற மனுஷன் ஒருத்தன் இருக்கான்னு ஒரு நிமிஷமாவது நினைச்சாங்களான்னு கேளு.”

வெண்கலம் தம்பியைப் பார்த்தாள். தொண்டை காந்தியது. “கேட்டுச்சு இல்ல?” என்றாள்.

“அத்தான்கிட்ட சொல்லு அக்கா,” என்றான் அவன், முகம் சிவந்து. “நினைச்சேன். எங்க டீம்ல வேற யாரும் நினைக்கல. எல்லாரும் அவங்கவங்க விரலையும் அவங்கவங்க போனையும் பார்த்துக்கிட்டே டிசைன் பண்ணினாங்க. நான் ஒருத்தன்தான் டிரைவர்னா எப்படிப் பிடிப்பாங்க, எப்படி அழுத்துவாங்கன்னு பார்த்தேன். சண்டை போட்டு மாத்தினேன். அவரை நினைச்சுத்தான் மாத்தினேன்.”

கூட்டம் கொஞ்சம் நெருங்கி வந்தது.

“என்னையா?” என்றார் ஓட்டுநர். மனைவி வழியாகக் கேட்க வேண்டும் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

“ஆமா. அக்காதான் சொன்னா, உங்களுக்கு அந்த ஸ்கிரீன் கஷ்டமா இருக்கு, தடவித் தடவிப் பார்க்கிறீங்கன்னு. சொன்னியா இல்லையா அக்கா?”

சொன்னாள்தான். இல்லையென்று சொல்ல முடியவில்லை. எழுத்தைப் பெரிசாக்கு என்ற அர்த்தத்தில் சொன்னாள். பொத்தானைத் தூக்கி அந்தப் பக்கம் வை என்று சொல்லவில்லை.

“உங்களையே கவனிச்சேன். நீங்க எப்பவும் போனை இடது கையிலதான் பிடிக்கிறீங்க. இடது கட்டைவிரல் வலது மூலை வரைக்கும் எட்டாம ரொம்பச் சிரமப்படறீங்க. அதனாலதான் ‘உறுதி’யை இடது பக்கம் கொண்டுவந்தேன். ரெண்டு ரெண்டு தடவை கேக்குதுன்னு புலம்பினீங்களாம், அதையும் எடுத்தேன். எதையும் மாத்தாம விட்டாலும் திட்டறீங்க, மாத்தினாலும் திட்டறீங்க!”

ஓட்டுநர் தன் இடது கையை ஒரு தடவை பார்த்தார், ஏதோ அது வேறு யாருடையதோ என்பதுபோல.

“இடது கையிலயா? நானா? எங்க பார்த்தே?”

“வீட்டுலதான். தினமும் பார்க்கிறேனே. சாப்பாட்டு மேஜையில எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன்.”



“சாப்பாட்டு மேஜையில,” என்று ஓட்டுநர் நிதானமாகத் திருப்பிச் சொன்னார். “அப்போ என் வலது கை எங்கய்யா இருந்துச்சு?”

தம்பி வாயைத் திறந்தான். கண்கள் மேலே போய், அந்த மேஜையை நினைவில் தேடின. பிறகு அவன் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் மெல்ல இறங்கியது.

“தட்டுல,” என்றான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வீங்கிய கன்னத்துக்காரர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். வெண்கலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. ஒரு டிப்போ முழுக்க ஓட்டுகிறவர்களின் விடுப்பு, இவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு கை சோற்றில் இருந்த காரணத்தால் பறிபோயிருக்கிறது.

“ஏன்டா, எதிர்ல உட்கார்ந்து திருடன் மாதிரி பார்த்தியே,” என்றாள். “‘அத்தான், போனை எந்தக் கையில பிடிப்பீங்க’ன்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் வெந்தா போகும்?”

“எப்படி அக்கா கேக்கறது? அவர்தான் என்னோட பேசறதில்லையே!”

“நீ கேட்டு நான் பேசாம இருந்தேனா?” என்றார் ஓட்டுநர்.

“ஆளே வேணாம்னு சொன்னதுக்குத்தானே முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க? விளையாட்டாச் சொன்னது அத்தான் அது!”

“உனக்கு விளையாட்டு. எனக்கு அது சோறு!”

வெண்கலம் பழக்க தோஷத்தில் இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதை இவனிடமும் இவன் சொன்னதை அவரிடமும் சேர்க்க வேண்டியதில்லை என்பது அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. கடைசியில் சண்டையாவது நேரடியாகப் போடுகிறார்களே. இதற்குத்தான் இத்தனை நாள் ஒரு தொண்டையைப் பலி கொடுத்தாளா?

ஓட்டுநர் மச்சானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நின்றுகொண்டிருந்த ஒரு வண்டியில் ஏற்றினார். “உட்காரு. இப்படித்தான் இருப்போம். இடது கை எப்பவும் எதையாவது பிடிச்சிருக்கும், இல்ல ஊன்றியிருக்கும். போன் வலது பையில. எடு. அழுத்து. எந்த விரல் எங்க போகுது, பார்!” தம்பி உட்கார்ந்து எடுத்து அழுத்திப் பார்த்தான். மறுபடி பார்த்தான். இறங்கி, தள்ளி நின்று அலுவலகத்துக்குப் போன் போட்டான். “இல்ல, கலர் பிரச்சினை இல்ல,” என்று அவன் யாரிடமோ கத்துவது வெகுநேரம் கேட்டது. “சாயங்காலத்துக்குள்ள பழையபடி வைங்க. நான் பார்த்தது தப்பு. ஆமா, என் தப்புதான்.”

திரும்பி வந்து அக்காவிடம் மெல்லக் கேட்டான். “லீவு வரலேன்னா நான் வரேன்க்கா நாளைக்கு. ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட ஒரு ஆள் போதும்னுதானே சொன்னாங்க?”

“கையெழுத்துக்கு நீ போதும்டா,” என்றாள் வெண்கலம். அதற்குமேல் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் காலையிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. “எனக்குப் பயமா இருக்கு. கட்டியை நினைச்சு இல்ல. எனக்கு என்ன குரல் வரப்போகுதோ தெரியல. யாரோ பேசற மாதிரி வந்துட்டா? அதை முதல்ல அவர்தான் கேக்கணும். கேட்டுட்டு அவர் முகம் எப்படிப் போகுதுன்னு நான் பார்க்கணும். அதுக்கு நீ போதாது.”

இரண்டு அடி தள்ளி நின்ற ஓட்டுநர் அதைக் கேட்டார். பிளாஸ்க் வாங்கப் போக வேண்டும் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் மூவரும் மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் போன். யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அத்தானும் மச்சானும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். எழுத்து எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும், சிரிக்கிற முகம் யாருக்கு வேண்டும், குடைக்குப் பதில் என்ன போடுவது. பேச்சா அது? வாக்குவாதம். வெண்கலம் தலையைப் பிடித்துக்கொண்டாள். பேசாமல் இருந்தபோது வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது!

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கும்போது போன் கிணுகிணுத்தது.

ஓட்டுநரின் வலது கை தட்டிலிருந்து எழுந்தது. கட்டைவிரல் தானாகவே வலது மூலைக்குக் கிளம்பியது.

“அத்தான், வேணாம்!” என்று தம்பி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

“விடுய்யா! பழையபடி வச்சாச்சுன்னு நீதானே சொன்னே?”

“வைக்கச் சொன்னேன். வச்சாங்களான்னு தெரியாது!”

“உங்க ஆபீஸ்ல எதுதான் தெரியும்?”

“எழுத்தைப் படிச்சுட்டு அழுத்துங்க!”

“படிக்கிற மாதிரியா வச்சிருக்கே எழுத்தை? என் கண்ணாடி எங்க?”

“இழுக்காதீங்க, கை பட்டுடப் போகுது!”

“நீ இழுக்காதே!”

போன் இரண்டு கைகளுக்கு நடுவில் அங்குமிங்கும் போனது. ஒருவர் விரல் திரையின் விளிம்பை உரசியது. வெண்கலம் டம்ளரைத் தேடினாள். கைக்கு எட்டவில்லை.

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க!”

அது பேருந்து நிலையத்தின் கடைசி நடைமேடை வரை கேட்கிற குரல். ஒலிபெருக்கி இல்லாத குரல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாடி வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது. இரண்டு ஆண்களும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள்.

அவள் போனைத் தன் பக்கம் இழுத்தாள். எழுத்து பொடியாகத்தான் இருந்தது. கண்ணைச் சுருக்கி, அறிவிப்பு சொல்கிற அதே நிறுத்தங்களோடு படித்தாள். “நாளை விடுப்பு. உறுதியா?” பொத்தான்கள் பழைய இடத்துக்கு வரவில்லை. ‘உறுதி’ இன்னும் இடது பக்கமே இருந்தது. வலது மூலையை நோக்கிப் போன அந்தக் கட்டைவிரலை முறைத்துப் பார்த்தாள். சுட்டுவிரலை இடது பக்கம் வைத்து, இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி, அழுத்தினாள்.

திரையில் ஒரு சின்ன வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது.

அப்புறம்தான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. கையால் தொண்டையைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் காப்பாற்றியது, கடைசி நாளில் போய்...

“அக்கா, வலிக்குதா?” என்றான் தம்பி, பயந்துபோய்.

அவள் இல்லையென்று தலையசைத்துக் கணவரைப் பார்த்தாள். திட்டு வாங்கிய மனிதர் மாதிரியே இல்லை அவர். புறப்படும் நேரம் கடந்தும் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்த அன்றைக்கு இந்த முகம்தான் இருந்திருக்க வேண்டும். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“இன்னொரு தடவை திட்டேன், வெண்கலம்,” என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து வரிசையில் காத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. மேஜை மேல் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது.